துயரம் ஈமானின் குறையன்று

தற்கொலை ஹராம் என்பதை நம் பிள்ளைகள் மதரஸா நாள் தொட்டே அறிவர். அறிந்திருந்தும் ஓர் இளம் உள்ளம் அந்த எண்ணத்தை நாடுவது ஏன் என்று நாம் சிந்தித்ததுண்டா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இலட்சம் பேருக்கு இத்தகைய மரணங்கள் இந்திய அளவில் 12.4, புதுச்சேரியிலோ 29.7! எல்லா வயதினரும், எல்லாச் சமயத்தாரும் இக்கணக்கில் அடங்குவர். உலக அளவில் 15 முதல் 29 வயது வரையிலானோரின் மரணக் காரணங்களில் இது மூன்றாவது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தேர்வில் தோல்வி, வீட்டில் பூசல், தோழர்களின் ஏளனம் எனச் சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பிள்ளைக்கு உறக்கம் கெடுகிறது, உணவு கசக்கிறது, தனிமையை நாடுகிறான். அப்போது நாம் செய்வதென்ன? “உன் ஈமான் பலவீனம்” என்று கடிந்துரைக்கிறோம். அதன்பின் அவன் வாய் திறப்பானா?

யஃகூப் நபி (அலை) அவர்கள் மகன் யூசுபைப் பிரிந்த துயரில் கண்ணொளி இழந்தார்கள். கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. அத்துயரங்களை ஈமானின் குறை என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

ஆகவே, கடிந்துரைக்குமுன் செவிசாயுங்கள். “உயிரை விடும் எண்ணம் வருகிறதா?” என்று கனிவோடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது, பூட்டிய மனத்தைத் திறக்கும் என்பதே மருத்துவர் கருத்து.

துஆவோடு மருந்தும் வேண்டும். கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலென்றால் அங்கே விரைகிற நாம், மனநலப் பிரிவென்றால் ஊரார் கண்ணுக்கு அஞ்சுகிறோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, தண்டனையை விலக்கி, பராமரிப்பை அரசின் கடமையாக்கியிருக்கிறது. சட்டமே இரங்கும்போது சமுதாயம் கடுமை காட்டலாமா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பியதும் உங்கள் பிள்ளையை அருகே அமர்த்துங்கள். மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம், மனத்தைக் கேளுங்கள்.