விறகுக்கு யார் விலை கொடுப்பது?

சிகரெட் நுரையீரலை என்ன செய்யும் என்று பெட்டியிலேயே படம் போட்டுவிடுகிறார்கள். அது ஒரு காட்டை என்ன செய்யும் என்று யாரும் படம் போடுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஜிம்பாப்வே பக்கம் போக வேண்டும்.

அங்கே விளைவது பெரும்பாலும் வர்ஜீனியா ரகப் புகையிலை. பறித்த இலையை வெயிலில் காயப்போட்டால் வேலைக்கு ஆகாது. மூடிய கொட்டகைக்குள் தொங்கவிட்டு, வெளியே அடுப்பு மூட்டி, சூட்டைக் குழாய் வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வாரம் இரவு பகலாக அந்த அடுப்பு அணையக்கூடாது. அதில் நிலக்கரியும் போடலாம், விறகும் போடலாம். பிரச்சினையே அங்கேதான்.

2000ஆம் ஆண்டு வரை இந்தப் பயிர் பெரும்பாலும் வெள்ளையர்களின் பெரும் பண்ணைகளில் இருந்தது. நிலக்கரி வரவழைக்க அவர்களிடம் பணம் இருந்தது. அந்த ஆண்டு தொடங்கிய நிலப் பங்கீட்டுக்குப் பிறகு, 23 கோடி கிலோவுக்கு மேல் இருந்த விளைச்சல் 2008ல் 5 கோடிக்கும் கீழே விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் சிறு விவசாயிகள்தான். 2023ல் விளைச்சல் 29 கோடி கிலோவைத் தாண்டியது. பயிரிடுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பலருக்குப் புகையிலை நிலம் ஓரிரு ஹெக்டேர்தான். மக்காச்சோளம் தராத காசை இந்த இலை தந்தது. இது சாதனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் நிலக்கரிச் சுரங்கம் இருப்பது நாட்டின் மேற்கே ஹ்வாங்கேயில். புகையிலை விளைவது வடக்கே மஷோனாலாந்தில். இடையில் பல நூறு கிலோமீட்டர். ஒரு ஹெக்டேர் வைத்திருப்பவர் அங்கிருந்து நிலக்கரி இறக்கினால் லாபம் லாரி வாடகைக்கே போய்விடும். வீட்டுக்குப் பக்கத்திலோ மியோம்போ காடு நிற்கிறது. அதற்குக் கோடாரி மட்டும் போதும்.

முசாசா போன்ற மரங்கள் நிறைந்த காடு அது. ஊருக்குத் தேன், காளான், மருந்து, அடுப்பு விறகு எல்லாம் அங்கிருந்துதான். வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுதாம்பு போலத் துளிர்க்கும். ஆனால் பழைய காடாக ஆகப் பல பத்தாண்டுகள் வேண்டும். கொட்டகை அடுப்புக்கோ வருஷா வருஷம் பசிக்கிறது.

"சிறு விவசாயி கையில் நிலம் போனால் இப்படித்தான்" என்று சிலர் சொல்லக் கூடும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இங்கே பெரும்பாலான புகையிலை ஒப்பந்த முறையில் விளைகிறது. கம்பெனி உரமும் மருந்தும் கடனாகத் தரும். இலை விற்கும்போது பிடித்துக்கொள்ளும். உரத்துக்குக் கணக்கு உண்டு, மருந்துக்கும் உண்டு. காட்டிலிருந்து வரும் விறகு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இலவசமாகக் கிடைப்பதை யார் மிச்சம் பிடிப்பார்கள்?

அரசு சும்மா இருக்கவில்லை. புகையிலை போடுபவர் விறகு மரமும் வளர்க்க வேண்டும் என்று 2012ல் விதி வந்தது. 2015ல் காடு வளர்ப்புக்கென்று விற்பனையில் ஒரு வரியும் வந்தது. ஆனால் யூகலிப்டஸ் கூட வெட்டும் பருவத்துக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். விவசாயியின் கடனோ ஒரு பருவத்துக்குத்தான். பங்கிட்ட நிலமும் அரசுக்குச் சொந்தம். அதற்குப் பட்டா தரும் திட்டமே 2024 கடைசியில்தான் தொடங்கியது. நாளைக்கு நிலம் யார் கையில் இருக்கும் என்று தெரியாதவரிடம் மரம் நடு என்றால் எப்படி நடுவார்? வாழை என்றாலாவது வைப்பார்.

என் கருத்து இதுதான். எரிபொருளையும் உரம் போல ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். நிலக்கரியோ, தோப்பு விறகோ, பாதி விறகில் வேலை முடிக்கும் மேம்பட்ட அடுப்போ, எது என்று கம்பெனி காட்டட்டும். காட்டாவிட்டால் அந்த இலையை வாங்க அனுமதி கூடாது. அந்தச் செலவை இலையின் விலையில் ஏற்ற வேண்டும், விவசாயியின் கடனில் அல்ல. சிகரெட் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே, யாருக்கு நஷ்டம்?

கோடாரி பிடித்தவரைப் பிடித்து அபராதம் போடுவது சுலபம். இலையை ஏலத்திலோ ஒப்பந்தத்திலோ வாங்கிக் கப்பலேற்றுபவரிடம் விறகின் விலையைக் கேட்பதுதான் கஷ்டம். ஆனால் அதைக் கேட்காதவரை, மியோம்போவை வெட்டுவதுதான் அந்த விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ஒரே வழி. நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்வீர்கள்?