மாப்ள வீட்டு மினி தியேட்டர்

சுங்குவார்சத்திரத்தில் அக்கா மகன் வாடகைக்கு இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். ஒரே ரூம், கூட இரண்டு நண்பர்கள், மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். ஒருத்தன் தூங்கும்போது இன்னொருத்தன் சாதம் வடிப்பான். மூன்றாவது ஆள் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பான்.

"மாமா, ஒண்ணு காட்டுறேன், பாருங்க" என்று செல்போனை நீட்டினான். அக்கா, அத்தானின் அறுபதாம் கல்யாணம், தங்கச்சி வளைகாப்பு, ஊர்க் கொடை, பழைய டி.வி.டி-க்களிலிருந்து ஏற்றிய சினிமாக்கள் என வரிசையாக நிற்கின்றன. தொட்டால் ஓடுகிறது. (நடுவில் போன மாதம் ரிலீஸான ஒரு படமும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.)

எல்லாம் அலமாரி மேல் இருக்கும் பழைய லேப்டாப்பிலிருந்து வருகிறது. அதோடு ஒரு 2 டி.பி. ஹார்ட் டிஸ்க். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரிதான், ஆனால் கடை நம்முடையது. நைட் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் பார்க்கலாம். தென்காசியில் அக்கா தன் வீட்டு டி.வி-யில் பார்க்கலாம். இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊர் எங்கேயோ இருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் விடுதியே கட்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் வீடியோவுக்கு இங்கே இருக்கும் மதிப்பு வேறு.

"என்ன சாஃப்ட்வேர் மாப்ள?"

"பிளெக்ஸ் மாமா. ஆனா போன வருஷத்துக்கு முந்தி மாதிரி இல்ல, வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்கக் காசு கேக்குறாங்க. ஜெல்லிஃபின் ஃப்ரீ. மாறிடலாமான்னு பார்க்குறேன். ரெண்டுல எது சேஃப்?"

காசு விஷயம் உண்மைதான். 2025 ஏப்ரல் 29-லிருந்து பிளெக்ஸ் அப்படி மாறிவிட்டது. ஆனால் அவன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன.

"கடைசியா எப்ப அப்டேட் பண்ணினே?"

"போட்டதோட சரி மாமா. நல்லாத்தானே ஓடுது."

"இந்த லேப்டாப்ல வேற என்ன செய்வே?"

"ஒண்ணும் இல்ல. கம்பெனி லேப்டாப்பை எடுத்துட்டு வராத அன்னைக்கு, அவசரம்னா இதுலேயே ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள லாகின் பண்ணுவேன்."

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு ஒரு கதை சொன்னேன்.

லாஸ்ட்பாஸ் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. மற்றவர்களின் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதுதான் அவர்கள் தொழில். 2022-ல் அங்கே கொள்ளை போனது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய நகல்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்படி நடந்தது என்பதை 2023 பிப்ரவரி கடைசியில் கம்பெனியே விளக்கியது. உள் ரகசியங்களுக்கான சாவி நான்கே நான்கு இன்ஜினீயர்களிடம்தான் இருந்தது. திருடர்கள் ஆபீஸ் கதவைத் தட்டவில்லை. அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ சர்வர் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. அது பிளெக்ஸ்தான் என்று பிறகு தெரியவந்தது. போனில் எடுக்கும் படங்களைத் தானாக சர்வரில் ஏற்றும் வசதியில் ஒரு ஓட்டை இருந்தது. சர்வர் உரிமையாளரின் கணக்கு கையில் கிடைத்தால், படத்துக்குப் பதில் விஷ ஃபைலை ஏற்றி ஓட வைக்கலாம். அதன் வழியாக உள்ளே போனவர்கள், எந்த எழுத்தைத் தட்டினாலும் குறித்துக்கொள்ளும் உளவு புரோகிராமை வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவர் ஆபீஸ் பெட்டகத்தின் பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டரில் தட்டினார். அவ்வளவுதான்.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. அந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்துவிட்டது. இன்ஜினீயர்தான் அப்டேட் செய்யவில்லை. அதற்குப் பின் சுமார் 75 பதிப்புகள் வந்துபோய்விட்டன என்று பிளெக்ஸ் சொன்னது. அவருக்கும் நல்லாத்தானே ஓடியிருக்கும்!

மாப்ள முகம் மாறிவிட்டது. "அப்ப ஜெல்லிஃபின்தான் சேஃபா மாமா?"

அதுவும் அப்படி இல்லை. பிளெக்ஸில் வீடியோ உங்கள் வீட்டில் இருக்கும். ஆனால் உள்ளே நுழையும் கணக்கு அவர்கள் கம்பெனியில் இருக்கும். அவர்கள் வீட்டில் திருடு போனால் உங்களுக்கும் வேலை வரும். 2022 ஆகஸ்ட்டிலும் 2025 செப்டம்பரிலும் அப்படி ஆகி, எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று மெயில் அனுப்பினார்கள். அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் சர்வர் சாஃப்ட்வேரில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு 'உடனே மாற்றுங்கள்' என்று மெயிலே போட்டார்கள். உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அது நல்லதா, கெட்டதா என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது.

ஜெல்லிஃபின் கதை எம்பியிலிருந்து தொடங்குகிறது. டெல்லிக்குப் போகிற எம்.பி. இல்லை, இதுவும் வீடியோ சர்வர்தான். அது தன் நிரல்களை மூடிக்கொண்டதும், 2018 டிசம்பரில் சிலர் பிரிந்து போய் ஜெல்லிஃபின்னை ஆரம்பித்தார்கள். கணக்கு கிடையாது, கட்டணம் கிடையாது, சாவி முழுக்க உங்களிடம். ஆனால் காவலும் நீங்கள்தான். உங்களை யாருக்கும் தெரியாததால், எழுப்பிவிடவும் யாரும் வரமாட்டார்கள். லாகின் செய்யாமலேயே சில வழிகளில் வீடியோவை எடுக்க முடியும் என்ற குறையை அவர்களே ஒளிக்காமல் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது சரி, தெருவில் வைக்கக் கூடாது.

தெரு என்றதும் எம்பிக்கு 2023 மே மாதம் நடந்தது ஞாபகம் வருகிறது. வீட்டுக்குள்ளிருந்து வருபவருக்குப் பாஸ்வேர்டு வேண்டாம் என்று பலர் வைத்திருந்தார்கள். நம் வீட்டில் கொல்லைக் கதவைச் சும்மா சாத்தி வைப்போமே, அப்படி. திருடர்கள் இணையத்திலிருந்து வந்தபடி, 'நான் உள்ளேயிருந்துதான் வர்றேன்' என்று பொய் முகவரி சொன்னார்கள். சர்வர் நம்பி, உரிமையாளராகவே உள்ளே விட்டது. கடைசியில் எம்பி கம்பெனி ஒரு அப்டேட்டை அனுப்பி, தொற்று இருந்த சர்வர்களைத் தூரத்திலிருந்தே அணைத்தது. அந்த ஓட்டையும் 2020-லிருந்தே தெரிந்ததுதான்.

சரி, மாப்ள வீட்டில் கொல்லைக் கதவு எப்படி இருக்கிறது? ரௌட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். நம்மூரில் பெரும்பாலான இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். அதனால் வெளியாள் நேராக உங்கள் வீட்டுக்கு வர முடியாது. இவன் பஸ்ஸில் படம் பார்க்க வேண்டும் என்று ஃபைபர்காரரிடம் மாதாமாதம் காசு கொடுத்துத் தனி முகவரி வாங்கியிருந்தான். 32400 என்ற எண்ணுள்ள கதவு அகலத் திறந்திருந்தது. "நான் திறக்கலையே மாமா!" அவன் திறக்கவில்லைதான். யு.பி.என்.பி. என்ற வசதி இருந்தால், சாஃப்ட்வேர் கேட்டதும் ரௌட்டரே திறந்துவிடும். முதலில் அதை அணைத்தோம்.

அக்கா டி.வி-யில் பார்ப்பது மட்டும்தான் முக்கியம் என்றால் நான் பிளெக்ஸையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ரிமோட்டில் ஒரு பட்டனுக்கு மேல் அழுத்த அவளுக்குப் பொறுமை இல்லை. ஆனால் இவன் கம்பெனி வேலையைத் தொடுகிறவன். அதனால் ஜெல்லிஃபின்னை வீட்டுக்குள் மட்டும் வைத்தோம். பஸ்ஸில் பார்க்க டெயில்ஸ்கேல் போட்டோம். அவன் போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே தனிச் சுரங்கப்பாதை மாதிரி அது. தனி முகவரியும் வேண்டாம், திறந்த கதவும் வேண்டாம். அதற்கும் கூகுள் கணக்கில்தான் நுழைய வேண்டியிருக்கிறது. ஒரு சாவியைத் திரும்ப வாங்கி இன்னொரு வீட்டில் கொடுத்த கதைதான் என்று அவனே சிரித்தான். அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்ட பிறகுதான் விட்டேன்.

அதிக நேரம் பிடித்தது இது எதுவும் இல்லை. அதே ஹார்ட் டிஸ்க்கில் குடும்பத்தின் ஆதார் நகல், தங்கச்சி சான்றிதழ்கள், அத்தானின் வங்கிப் பாஸ்புக் எல்லாம் கிடந்தன. வெளியே எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டோம். ரூம் நண்பர்கள் இருவருக்கும் தனித்தனி சாதாரணக் கணக்கு, உரிமையாளர் கணக்கு இவனுக்கு மட்டும். அப்டேட் தானாக வரும்படி செய்தோம். அந்த லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த ஆபீஸ் லாகினை அழித்து, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றினான். இனி அவசரம் என்றாலும் கம்பெனி லேப்டாப்தான். மறந்துவிட்டு வந்தால் ஒரகடம் வரை பைக்கில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அக்காவின் பழைய டி.வி-யில் டெயில்ஸ்கேல் ஏறவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே போன் போட்டான்.

"அதுக்கென்னடா" என்றாள் அக்கா. "தீபாவளிக்கு வரும்போது வளைகாப்பு வீடியோவை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கொண்டா. உன் நெட்டுல பாதி நேரம் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."