அயலகத் திரையில் அரங்கத்து வாசல்

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு என்று நேரடி விமானங்கள் புறப்படும் திருச்சிராப்பள்ளி, தன் மக்களில் கணிசமானோரைப் பல்லாண்டுகளாகவே கடலுக்கு அப்பால் வைத்திருக்கும் ஊராகையால், வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் கிடைக்கும் தொலைக்காட்சி வசதிகளை இவ்வூரார் கண்கொண்டு மதிப்பிடுவது பொருத்தமாகும். அப்படிப் பார்க்கும்போது, சந்தா கட்டிப் பெறும் அலைவரிசைகள் எத்தனை பெருகியும், திருச்சிக்காரர் விரும்பித் தேடும் காட்சி பெரும்பாலும் அவற்றுக்கு வெளியேதான் கிடைக்கிறது என்பது தெரியவருகிறது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கிய காலத்தில் வெளிநாட்டுத் தமிழ் வீடுகள் பலவற்றுக்கு வாடகை வீடியோ கேசட்டே கதியாக இருந்தது. மலேசியாவில் 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவையும், சிங்கப்பூரில் 2008-இல் முழுநேர அலைவரிசையாக வளர்ந்த வசந்தமும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்காக எழுந்தவை. வேலைக்குச் சென்றவர்களும் அவற்றின் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். வளைகுடாவிலோ, ஊரிலிருந்து டி.டி.எச். பெட்டியையே பெட்டிபடுக்கையோடு கொண்டுபோய்ப் பெரிய தட்டு ஒன்றை மாடியில் பொருத்திப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. செயற்கைக்கோள் ஒன்றின் சமிக்ஞை தரையில் விழும் பரப்பு நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதால் இது தொழில்நுட்பப்படி இயன்றதே தவிர, அந்தச் சேவையின் உரிமம் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

2017-இல் வந்த சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகள் தட்டின் தேவையை ஒழித்தாலும் எல்லையை ஒழிக்கவில்லை. திரைப்படத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதால், பார்ப்பவரின் இணைய இணைப்புக்குரிய எண்முகவரியைக் கொண்டு அவர் இருக்கும் நாட்டைக் கண்டறிந்து நிகழ்ச்சியை மறைக்கும் முறை கையாளப்படுகிறது. இதற்கு ஜியோ பிளாக்கிங் என்று பெயர். ஒரே செயலி திருச்சியில் காட்டுவதை மஸ்கட்டில் காட்டாமல் போவது இதனால்தான். இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது சென்னையில் எடுக்கப்பட்ட நெடுந்தொடர். அதில் காவிரியோ மலைக்கோட்டையோ தலைகாட்டுவது அபூர்வம்.

திருச்சிக்காரர் தேடும் காட்சிக்கு முதன்மையான சான்று ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் நேர்முக வருணனையில் ஒரு தலைமுறை காதால் சேவித்த பரமபத வாசல் திறப்பை இன்று தூர்தர்ஷனும் உள்ளூர் அலைவரிசைகளும் யூடியூபில் காசு வாங்காமல் காட்டுகின்றன. ரத்தினங்கி அணிந்த உற்சவர் நம்பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து புறப்பட்டு, நாழிகேட்டான் வாசலைக் கடந்து, விரஜா நதி மண்டபத்தில் வேத கோஷம் கேட்டு, பின்னர் திறந்த கதவின் வழியே வெளிப்படும் வரையிலான நேரத்தில் கேமராவுக்குக் காட்ட அதிகமில்லை. மூடிய கதவும், தலைகளும், வர்ணனையாளர் குரலுமே நீளும். ஆயினும் கூட்டத்தில் நெரிபட்டு நிற்பவர் காணாத அங்கியின் கல்வரிசையைத் திரையில் காண்பவர் நிதானமாகக் காணலாம் என்பதை மறுப்பதற்கில்லை.

வாசல் விடியற்காலை ஐந்து மணியளவில் திறக்குமானால், சிங்கப்பூரில் அது காலை ஏழரை, வேலைக்குக் கிளம்பும் பரபரப்பு, துபாயில் மூன்றரை, லண்டனில் முந்தைய நாள் இரவு பதினொன்றரை, நியூ ஜெர்சியில் முந்தைய நாள் மாலை ஆறரை. திதி என்பது சூரியனிடமிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை விலகுவதற்கு ஆகும் காலமாதலால் உலகம் முழுதும் ஒரே கணத்தில் தொடங்குகிறது. விரதநாளோ அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தது. ஆகவே அமெரிக்காவில் இருப்பவர் முந்தைய நாள் மாலை அரங்கனைச் சேவித்து, இரவு வழக்கம்போல் சாப்பிட்டு, மறுநாள் பட்டினி இருக்கிறார். இன்னொரு சங்கடமும் உண்டு. இணைய ஒளிபரப்பு சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, பிறகே திரைக்கு வருவதால் அரை நிமிடம்வரை பிந்தும். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தாயார் "திறந்தாச்சு, ரங்கா, ரங்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, மகன் பார்க்கும் திரையில் கதவு இன்னும் மூடியே இருக்கும். சிலர் இதற்காகவே யூடியூபை விட்டுவிட்டு, வீட்டு டி.வி.க்கு எதிரே கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லி வீடியோ அழைப்பில் பார்க்கிறார்கள்.

நாளைத் தெரிந்துகொள்வதிலும் விழிப்பு வேண்டும். தைத் தேர்த் திருவிழாவோடு மோதாமல் இருக்கும்பொருட்டு, சுமார் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் மட்டும் இந்த ஏகாதசி கார்த்திகையிலேயே கொண்டாடப்படுகிறது. 2021 டிசம்பர் 14 அப்படி வந்த நாள். பிற பெருமாள் கோயில்கள் பலவற்றில் 2022 ஜனவரியில்தான் வாசல் திறந்தது என்பதால், பொது நாட்காட்டியை மட்டும் நம்பி ஜனவரியில் திரைமுன் அமர்ந்த திருச்சிக்காரருக்கு வேறு ஊர்ப் பெருமாளின் சேவையே கிடைத்திருக்கும். அரங்கனின் வாசல் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.