ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

கம்பத்தில் சூரியன் வருவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். இருட்டு கலையாத நேரத்தில் ஸ்வெட்டரும் தலைத்துண்டும் தூக்குவாளியுமாகப் பெண்கள் ஏறிக்கொள்ள, வண்டிகள் ஒவ்வொன்றாக மலைக்குக் கிளம்பும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஏறி, வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆளை இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பவும் கூட்டி வர வேண்டும். நெருக்கியடித்து உட்காரும் அந்த வண்டியில் டிக்கெட் எடுக்காத பயணி ஒருவர் எப்போதும் உண்டு. அவர்தான் ஸ்டெப்னி.

அவருக்கு எங்கே இடம் கொடுப்பது என்பது இப்போது புதுப் பிரச்னையாகியிருக்கிறது. காரணம், பிக்கப். ஆளையும் ஏற்றலாம், உரமூட்டையையும் ஏற்றலாம், காய் மூட்டையைப் போடி ஏலத்துக்கும் கொண்டு போகலாம் என்று டபுள் கேபின் பிக்கப் வாங்கும் தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள். வாங்கியதும் தோட்டத்துக் கல் பாதைக்குத் தோதாகப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். நாலு சக்கரமும் கம்பீரமாக உட்கார்ந்துவிடும். ஐந்தாவது சக்கரம்தான் கம்பெனிக்காரர் கொடுத்த இடத்தில் நுழையாது. ‘எங்கேயாவது ஒரு தாங்கி அடிச்சுக் கொடுங்கண்ணே’ என்று வெல்டிங் பட்டறையில் வந்து நிற்பார்கள்.

ஸ்டெப்னி என்பது ஆங்கிலத்தின் பொதுச்சொல் அல்ல. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர் அது. ஆரம்பகால மோட்டார் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். 1904-ல் அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரைப் பொருத்தி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து அதைக் கவ்வவிட்டால் வண்டி வீடு போய்ச் சேரும். தெருவின் பெயரே பொருளின் பெயராகி நம்மூருக்கும் வந்துவிட்டது. பிரேசில்காரர்களும் இன்றுவரை ‘எஸ்டெப்பே’ என்றுதான் சொல்கிறார்கள்.

அதை எங்கே மாட்டுவது என்ற சண்டையும் பழசுதான். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குப் பின்னால் திறக்கிற கதவு இல்லை. அதனால் ஸ்டெப்னி பின்பக்கம் தொங்கியது. 1945-ல் அதே ஜீப்பை விவசாயிகளுக்காக மாற்றியபோது, சாமான் ஏற்றப் பின்கதவு வைத்தார்கள். உடனே ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 1948-ல் வந்த லேண்ட்ரோவரில் பானெட் மேலேயே படுக்கப் போட்டுக்கொள்ளவும் வசதி செய்தார்கள். லோடு ஏற்றுவதற்கு ஓர் இடத்தைத் திறந்தால் ஸ்டெப்னி வேறு இடத்துக்கு நகர்ந்தே தீரும். இன்று கம்பத்துப் பட்டறையில் நடப்பதும் இதே கணக்குதான்.

இன்றைய பிக்கப்புகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கம்பெனி கொடுக்கும் இடம், பின்புறம் பாடிக்கு அடியில். நம்பர் பிளேட் பக்கத்துத் துளையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால், சங்கிலியோ ஒயரோ இறங்கி, சக்கரம் தரைக்கு வரும். லோடுக்கு இடைஞ்சல் இல்லை. எடை தாழ்வாக இருக்கும். கண்ணுக்கும் தெரியாது. தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மலைக்காட்டில் கதை வேறு. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. ஜூன், ஜூலையில் கீழே சாரலோடு நின்றுவிடும். மெட்டு ஏறிவிட்டால் அந்தப் பக்கம் கொட்டும். தோட்டத்துச் சேறு அடியில் அப்பிக் காய்ந்து, அந்தச் சங்கிலி துருப்பிடித்து இறுகிப்போகும். வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இறக்கிப் பார்க்காத வண்டியில், தேவைப்படும் அன்றைக்குத்தான் அது அசையாது என்று தெரியவரும். இன்னொரு சங்கடம், பின் டயர் பஞ்சரானால் வண்டியின் பின்புறமே தாழ்ந்துவிடும். சங்கிலி இறங்கினாலும் சக்கரத்தை வெளியே இழுக்க இடைவெளி இருக்காது. முதலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்டெப்னி. பலர் தலைகீழாகச் செய்துவிட்டுச் சேற்றில் படுத்துக் கிடப்பார்கள்.

பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இந்த இடம் பெரும்பாலும் ஒத்துவராது. 215/75 ஆர் 15 அளவு டயரின் மொத்த உயரம் சுமார் 70 சென்டிமீட்டர். 265/70 ஆர் 16 போட்டால் 78 ஆகிவிடும். அந்த 8 சென்டிமீட்டர் சைலன்சரிலோ சேஸிலோ இடிக்கும். திணித்து ஏற்றினாலும் பின்புறம் தாழத் தொங்கி, பள்ளத்திலிருந்து ஏறும்போது கல்லில் தட்டும்.

சரி, பின்கதவில் மாட்டலாமா? தார் மாதிரி வண்டிகளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு அதற்கென்றே செய்தது. பிக்கப்பின் பின்கதவு வெறும் தகடு. டிஸ்க்கோடு சேர்த்து 35 கிலோ எடையை அதில் தொங்கவிட்டு ஏலத்தோட்டப் பாதையில் ஆறு மாதம் ஓட்டினால் கீல் தளர்ந்து தகடு கிழியும். செய்வதென்றால் தனியாகத் திறக்கும் கை ஒன்றைச் சேஸிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. இரு அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் அந்த 35 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் 49 கிலோ கூடும், முன் அச்சில் 14 கிலோ குறையும். துலாக்கோல் மாதிரிதான். பின்னால் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

கூரை மேல் போடுகிறவர்களும் உண்டு. இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். இரண்டு மீட்டர் உயரத்தில் அந்த எடை உட்கார்ந்தால் வளைவில் வண்டி சாயும் வேகம் கூடும். தனி ஆளாக இறக்கவும் முடியாது. பக்கவாட்டில் மாட்டினால் அகலம் கூடும். எதிரே கேரள அரசு பஸ் வரும் வளைவில் அந்த அரையடிதான் பெரிதாகத் தெரியும்.

மிச்சமிருப்பது லோடு பாடிக்குள், கேபினை ஒட்டி நிறுத்தி வைப்பது. பார்க்கப் போனால் மலை வண்டிக்கு இதுதான் உத்தமம். சிங்கிள் கேபின் வண்டியில் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தால், அதே 35 கிலோவில் 23 கிலோ பின்னாலும் 12 கிலோ முன்னாலும் பகிர்ந்துகொள்ளும். சேறு படாது, துருப்பிடிக்காது, திருடுவதும் எளிதல்ல. விலை என்னவென்றால் கிட்டத்தட்ட ஓரடி இடம். டபுள் கேபினில் இருக்கிற ஐந்தடியில் ஓரடி என்பது ஒரு வரிசை மூட்டை. தோட்டக்காரருக்கு மனசு வராதுதான்.

இதிலும் நடுவில் வைத்தால் முன்னால் மூட்டை அடுக்கிவிடுவார்கள். பஞ்சரானால் மழையில் லோடு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு மூலையில், பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பக்கவாட்டிலிருந்தே தூக்கி எடுக்கலாம். கயிற்றால் மட்டும் கட்டுவது போதாது. பாடியின் தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் தாங்கியை முடுக்கி, அதில் டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்க வேண்டும். சடன் பிரேக் அடித்தால் அது கேபினை நோக்கித்தான் பாயும்.

பட்டறைக்குப் போகும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. கழற்றக்கூடிய தாங்கி வேறு, சேஸை வெட்டி ஒட்டுவது வேறு. நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைத்தால் செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று ஸ்டெப்னியை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மூட்டையோ இன்னொரு ஆளோ ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘இப்போ சட்டமே ஸ்டெப்னி வேணாம்னு சொல்லிருச்சு’ என்பார்கள். பாதி உண்மை. 2020-ல் வந்த திருத்தம் டிரைவரோடு சேர்த்து ஒன்பது பேர் வரை அமரும் கார் வகைகளுக்கானது. அதுவும் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால்தான். ஆணி குத்தினால் கிட் போதும். ஏலத்தோட்டத்தில் குத்துவது ஆணி அல்ல, கல். டயரின் பக்கச் சுவர் கிழிந்துவிட்டால் எந்த கிட்டும் உதவாது. போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் வண்டி நின்றால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இறங்கி மழையில் நடக்க வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய கூலியும் சந்தேகம்.

எந்த இடத்தில் மாட்டினாலும் மாதம் ஒரு முறை காற்று பாருங்கள். மற்ற டயர்களைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும், குறைப்பது சுலபம். ஓடாத டயருக்கும் வயதாகும். பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. புதுத் தாங்கி அடித்ததும் வீட்டு வாசலிலேயே, லோடு ஏற்றியபடி, தனி ஆளாக ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனரோடு, சேற்றில் ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகையும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டையும் சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும். ராத்திரி நேரத்தில் சரிவில் நின்றுகொண்டு கல் தேட முடியாது.