ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதுமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாடே அதைப் பேசுகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்று நாளிதழ்களின் பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. 2025-ல் தேர்ச்சி விகிதம் 93.80%. மகிழ வேண்டிய எண்தான். ஆனால், மூன்றாம் வகுப்பில் எத்தனை குழந்தைகள் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கிறார்கள், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வகுத்தல் கணக்கு வருகிறது என்ற கேள்விகளுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதே இல்லை. பத்தாம் வகுப்பில் தடுமாறும் மாணவரின் கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, 2022-ல் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கரோனா காலத்தின் நீண்ட பள்ளி மூடல் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால், தொற்றுக்கு முந்தைய 2018-லும் அந்த எண்ணிக்கை நூற்றுக்குப் பத்தை ஒட்டியே இருந்தது. நாடு முழுவதற்குமான 2024 ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் சரிபாதிகூட இல்லை. எட்டாம் வகுப்பில் வகுத்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்களும் பாதிக்குக் கீழேதான். அசர் பின்பற்றும் முறையை ஏற்காதவர்கள் உண்டு. அவர்கள் ஏதேனும் ஓர் அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 2-லிருந்து 7 போகாது என்பதால், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கழிப்பது இரண்டாம் வகுப்புப் பாடம். அது புரியாமலே நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது முன்னால் இருப்பதோ பின்னமும் விகிதமும். தமிழ்ப் பாடத்திலும் இதே நிலைதான். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு தெரியாமல் ‘கொடி’யையும் ‘கோடி’யையும் ஒன்றாகவே படிக்கும் பிள்ளை, எழுத்துக்கூட்டி வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் புரியாமல் போவது அந்தப் பாடங்களின் கடினத்தால் அல்ல, வாசிப்பு கைவராததால்தான்.

இது ஏன் நேர்கிறது? ஆசிரியர்களின் அக்கறையின்மை என்று பழிபோடுவது எளிது. சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும். 61-வது குழந்தை சேர்ந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். அதாவது, நாம் தலைகளை எண்ணுகிறோம், வகுப்புகளை எண்ணுவதில்லை. ஐந்து வகுப்புக்கும் ஐந்து பாடத்திட்டம், ஆசிரியர் மட்டும் இருவர். 45 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புகளுக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது கால் மணி நேரம்.

அந்த இருவரும் நாள் முழுக்க வகுப்பில் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. தலைமையாசிரியர் என்பவர் இங்கே பாடம் நடத்தும் இருவரில் ஒருவர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், வட்டார வள மையத்தில் பயிற்சி, விலையில்லாப் பாடநூல்களையும் சீருடைகளையும் எடுத்து வருவது, பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரங்களை ஏற்றுவது, வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று அவரை இழுக்கும் வேலைகள் ஏராளம். அவர் வெளியே போன நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர் முன்னால். முதல் வகுப்புக் குழந்தைக்குப் பலகையில் ‘அ’ எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பினால், அந்தக் குழந்தை எழுதியதைத் திருத்த ஆளில்லை.

இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை கணக்கிடப்பட்டு ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் ‘உபரி’ ஆகிறார். பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். ஆசிரியர் குறைந்ததைப் பார்க்கும் பெற்றோர், கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் சரிகிறது.

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுக்கச் சென்றது. கரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் அதன் எண்ணம் சரியானது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், பசியோடு உட்கார்ந்திருந்த குழந்தையின் கவனத்தைப் பாடத்தின் பக்கம் திருப்பியிருக்கிறது. இவை எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால், மூன்று வகுப்புகளின் மூன்று நிலைகளையும் ஒரே ஆசிரியர் கையாண்டு, ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டுமென்றால், நல்ல திட்டமும் பதிவேட்டு வேலையாகச் சுருங்கிவிடும். 2025-ல் ஆறு முதல் ஒன்பது வரையான மாணவர்களுக்கு அடிப்படைத் திறன்களைக் கற்பிக்க ‘திறன்’ திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே, ஐந்தாம் வகுப்புக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை என்பதற்கு அரசே தந்த ஒப்புதல்.

கூடுதலாக ஒருவர் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. கரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இழப்பைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் உள்ளிட்ட பொருளியலாளர்கள், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதாகவும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்ததாகவும் கண்டறிந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் பெற்றுக்கொண்டு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வலர்கள் செய்தது இது. இதே மாநிலத்தின் அங்கன்வாடிகளில் நடந்த இன்னோர் ஆய்வில், முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஒரு பணியாளர் நியமிக்கப்பட்டதும் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது.

மாறாக, ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் தேர்வு வைத்துத் தேறாதவர்களை நிறுத்திவைத்தால் தரம் உயரும் என்று ஒரு வாதம் வலுத்து வருகிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதற்கேற்ப விதிகளைத் திருத்தியது. தமிழ்நாடும் ஒருமுறை 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று இப்போது மாநில அரசு சொல்வது சரியே. கற்பிக்க ஆளில்லாத வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பதால் எந்தக் குழந்தையும் கழித்தல் கற்றுக்கொள்ளாது. பள்ளியை விட்டு நின்றுவிடவே வாய்ப்பு அதிகம். அதேநேரம், எல்லோரும் தேர்ச்சி என்பது எவரையும் கவனிக்க வேண்டாம் என்பதற்கான உரிமம் அல்ல. தேர்வு வைக்கப்பட வேண்டியது குழந்தைக்கு அல்ல, அரசின் பொறுப்புக்கு.

ஆகவே, அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 30 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் படிப்படியாக வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அதைவிடச் சிறிய பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளுக்கென்றே ஒருவர். அவரை வேறு எந்த வகுப்புக்கும் மாற்றுப்பணிக்கும் அனுப்பக் கூடாது. சட்டம் சொல்வது குறைந்தபட்சத்தைத்தான். அதற்கு மேல் நியமிக்க மாநிலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. இரண்டாவது, அலுவலக வேலைக்கு ஒன்றியந்தோறும் தனிப் பணியாளர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-வது பிரிவு. அந்தப் பிரிவு காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. மூன்றாவது, 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழு 3, 5, 8 வகுப்புகளுக்கு நடத்தியது போன்ற அடைவு ஆய்வை ஆண்டுதோறும் நடத்தி, ஒன்றியவாரியான முடிவுகளைப் பத்தாம் வகுப்பு முடிவைப் போல வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பின்தங்கிய ஒன்றியத்துக்குக் கண்டனக் கடிதம் போகக் கூடாது, கூடுதல் ஆசிரியர் போக வேண்டும்.

பணம் எங்கே என்று நிதித் துறை கேட்கும். சிறு பள்ளிகளை இணைத்தால் மிச்சமாகுமே என்றும் யோசனை வரும். ஐந்து வயதுக் குழந்தையை நெடுஞ்சாலையைக் கடந்தோ மலைப்பாதையில் நடந்தோ இன்னோர் ஊருக்கு அனுப்பும் இணைப்பு, கடைசியில் அந்தக் குழந்தையை வீட்டில்தான் உட்காரவைக்கும். முதல் வகுப்பில் செலவிடத் தயங்கும் பணத்தைத்தான் ஆறாம் வகுப்பில் குறைதீர் கற்பித்தலுக்கும், பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்புக்கும், தோற்றவர்களுக்கான துணைத் தேர்வுக்கும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். அப்போதும் இழந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. நிலத்தைச் சரியாக உழாமல் விதைத்துவிட்டு, கதிர் வரும் நேரத்தில் உரமூட்டையைக் கொட்டுவது எந்த உழவரும் செய்யாத வேலை. பணிக்காகக் காத்திருக்கும் தகுதியான ஆசிரியர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைமைப் பொறுப்பைச் சட்டம் பெற்றோருக்கே தந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பேசுங்கள், அவையும் வேண்டும். கூடவே, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் பாடநூலைத் தாங்களே வாசிக்க முடிகிறது, எத்தனை பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறது, எத்தனை வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று கேட்டு, கிடைத்த பதிலைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது சலுகை அல்ல, ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு பட்டிருக்கும் கடன். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதைத் தீர்க்கத் தொடங்க வேண்டும்.