கோடைக் கப்பலும் மாரிக் கப்பலும்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹெபிரிடீஸ் என்னும் தீவுக் கூட்டம் உண்டு. கோடை பிறந்ததும் சிறிய உல்லாசக் கப்பல்கள் இத்தீவுகளைச் சுற்றி வருகின்றன. சில நாட் பயணம். இரவு பத்து மணிவரை மங்காத வெளிச்சம். பாறையெங்கும் கடற்பறவைக் கூட்டம். காற்றும் அலையும் இடந்தந்தால், அக்கப்பல்களிற் சில இன்னும் மேற்கே ஏறத்தாழ 65 கிலோ மீற்றர் சென்று சென்ற் கில்டாவை அடைகின்றன. ஒற்றைத் தெருவின் வழியே கூரையிழந்து நிற்கும் கல் வீடுகளைப் பயணிகள் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர்.

அவ்வீடுகள் ஏன் வெறுமையாயின? இக்கேள்வியே எமது சிந்தனைக்கு உரியது.

அங்கே வாழ்ந்தோர் கேலிக் மொழி பேசிய மக்கள். செங்குத்தான பாறைகளிற் கயிறு கட்டி இறங்கிப் பறவை பிடித்து உண்டார்கள். இறகையும் பறவை எண்ணெயையும் நிலப்பிரபுவுக்கு வாடகையாகச் செலுத்தினார்கள். காலைதோறும் ஆண்கள் தெருவிற் கூடி அன்றைய வேலையைத் தீர்மானித்தார்கள். வெளியார் அதனைப் 'பாராளுமன்றம்' என்று அழைத்தனர்.

1870களில் உல்லாசப் பயணிகளின் கப்பல் அங்கே வரத் தொடங்கியது. வந்தவர்கள் பறவை முட்டையும் கம்பளித் துணியும் வாங்கினார்கள். கோடை முடிந்தது, கப்பலும் நின்றது. மாரியில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமாயின், மரத்துண்டைக் குடைந்து அதனுள் வைத்து, ஊதிய ஆட்டுத்தோற் பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விட வேண்டியிருந்தது. வேடிக்கை பார்ப்போரை ஏற்றி வரக் கப்பல் உண்டு. நோயாளியை ஏற்றிச் செல்ல ஒழுங்கான கப்பல் இல்லை! இதுவே அவர்கள் நிலை.

இளைஞர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். 1930 மே மாதத்தில் எஞ்சியோர் தம்மை அங்கிருந்து அகற்றுமாறு அரசாங்கத்துக்கு மனுச் செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி 36 பேர் கப்பலேறினர். மரமே இல்லாத தீவிற் பிறந்த ஆண்களுட் பலருக்கு வனத்தில் வேலை கொடுக்கப்பட்டது.

"அவர்களே கேட்டார்கள்; நாம் ஏற்றிச் சென்றோம்" என்று அரசாங்கம் கூறலாம். ஆனால் வைத்தியமும் போக்குவரத்தும் மறுக்கப்பட்ட மக்கள் போக விரும்பினார்கள் என்பது சம்மதமா? பட்டினி கிடப்பவன் வீட்டை விற்றால் அதை அவனுடைய விருப்பம் என்போமா?

1986ல் இயற்கைச் சிறப்புக்காக யுனெஸ்கோ அத்தீவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2005ல் அதன் பண்பாட்டுச் சிறப்பும் ஏற்கப்பட்டது. அந்தப் பண்பாட்டை வளர்த்த மக்கள் நீங்கி அப்போது 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேறு வழி இருக்கவில்லையா? அதே ஹெபிரிடீஸ் கூட்டத்தைச் சேர்ந்த எக் தீவு விடை கூறுகிறது. கைமாறிக் கைமாறி வந்த நிலப்பிரபுக்களின் கீழ் அதுவும் நலிந்தே கிடந்தது. 1997 யூன் மாதத்தில் தீவு மக்களின் நம்பிக்கை நிதியம் அதனை விலைக்கு வாங்கியது. அப்போது அங்கே சுமார் அறுபது பேர் இருந்தனர். இன்று நூறைக் கடந்து விட்டனர். 2008ல் நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றால் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்யத் தொடங்கினர். அங்கும் கோடையிற் பயணிகள் வருகின்றனர். ஆனால் மாரியிலும் கப்பல் வருகிறது!

உல்லாசப் பயணிகள் மீது நாம் குறை கூறவில்லை. அழகைக் காண விரும்புவது குற்றமன்று. அவர்கள் செலவிடும் பணமும் தீவுக்கு உதவும். ஆனால் அப்பணம் ஒரு மக்கட் கூட்டத்தைக் காப்பாற்றிவிடாது. மக்கள் கையில் நிலம் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் கப்பல் வேண்டும். வைத்தியரும் பாடசாலையும் வேண்டும். அப்பாடசாலையில் அம்மக்களின் மொழி ஒலிக்க வேண்டும். இவற்றைக் கொடாத அரசாங்கம் பின்னர் இடிந்த சுவர்களைப் பேணிக் காத்தும் பயன் என்ன?

தொலைவிலுள்ள தீவொன்றை ஓர் அரசாங்கம் எவ்வாறு மதிக்கிறது என்பதைக் கோடைக் கப்பல்களின் தொகையைக் கொண்டு அளத்தல் ஆகாது. மாரியிற் கடல் கொந்தளிக்கும்போது அங்கே செல்லும் கப்பலே அதன் அளவுகோல்.