மின்னேற்றும் இடம் யாருக்கு?

மின்சாரத்தோடு மைசூருக்குள்ள உறவு பழமையானது. காவிரியாற்றின் சிவனசமுத்திரத்தில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையத்திலிருந்து 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தோர் பலர் உழைத்த சுரங்கங்கள் அவை. இன்று மைசூரின் தெருக்களில் பச்சை நிற எண் பலகை தாங்கிய மின் வாகனங்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு மின்னேற்றும் பொது இடத்தில் யார் வண்டியை நிறுத்தலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்ற வினா இப்போது எழுந்துள்ளது.

பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மின்காருக்கோ, விரைவு மின்னேற்றியில்கூட ஏறத்தாழ ஒரு மணி நேரம் தேவைப்படலாம். எனவே மின்னேற்று நிலையத்தில், அதாவது மக்கள் வழக்கில் சார்ஜிங் ஸ்டேஷனில், ஓர் இடம் அடைபட்டாலும் அடுத்து வருவோரின் பயணம் தடைப்படுகிறது. நிழலுள்ள இடம் கிடைத்ததென்று பெட்ரோல் கார் ஒன்று அங்கே நிற்பதுண்டு. மின்னேறி முடிந்த பின்னும் உரிமையாளர் கடைவீதியிலிருந்து திரும்பாததால் மின்காரே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. காத்து நிற்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே.

தாமதத்தின் விலை என்ன? மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலை பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்கிறது. வனவிலங்குகளின் நலன் கருதி, 2009ஆம் ஆண்டு முதல் அங்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. மைசூரில் மாலை 6 மணிக்கு மின்னேற்றத் தொடங்கும் குடும்பம் 7 மணிக்குப் புறப்பட்டால், ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள காட்டை நேரத்தோடு அடைந்துவிடலாம். யாரோ நிறுத்திவைத்த வண்டியால் ஒரு மணி நேரம் வீணானால், அவர்கள் பயணம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். தசராக் கூட்டத்தில் அன்றிரவு தங்க அறை கிடைப்பதும் அரிது.

மின்னேற்று நிலையங்கள் இணையவழி முன்பதிவுக்கு வழி செய்ய வேண்டுமென மத்திய மின்துறை அமைச்சகம் 2018ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. நகரங்களில் மூன்று கி.மீ.க்கு மூன்று கி.மீ. பரப்பில் ஒரு நிலையமாவது அமைய வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றிருந்தது. முன்பதிவு நல்லதே. ஆனால் பேருந்துச் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது போல அது ஆகிவிடக் கூடாது. பதிந்தவர் குறித்த நேரத்தில் வராவிடில், பத்து நிமிடங்களில் இடம் அடுத்தவருக்குப் போக வேண்டும்.

குழாயடியில் குடம் நிறைந்தவர் நகர்ந்துகொள்வார். நிறைந்த குடத்தைக் குழாயின் கீழேயே வைத்துக்கொண்டு கதை பேசினால் பின்னால் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்! அந்த முறைதான் இங்கும் வேண்டும். மின்வாகனம் என்பதற்காக மட்டும் இடம் தரக்கூடாது. மின்னேறிக்கொண்டிருக்கும் வாகனத்திற்கே இடம் தர வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம், மின்னேற்றத்திற்கென ஒதுக்கிய இடத்தில் மின்னிணைப்பில் இல்லாத வண்டியை நிறுத்தலாகாது என்கிறது. மின்கலம் எண்பது விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னேறும் வேகம் குறைந்துவிடும். ஆகவே கூட்டமுள்ள வேளைகளில் எண்பது விழுக்காட்டோடு இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதும் தகும்.

பொதுச் சாலையில் சிலருக்கு மட்டும் இடம் ஒதுக்குவது முறையா என்று சிலர் கேட்கின்றனர். வண்டி நிறுத்தவே இடமில்லாத தேவராஜ அர்ஸ் சாலை போன்ற கடைவீதியில் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் பெட்ரோல் காரை நிறுத்த வேறு இடம் தேடலாம். மின்னேற்றியை வேறிடத்திற்கு நகர்த்த இயலாது.

முன்பதிவுச் செயலியைப் பயன்படுத்த இயலாத மின் ஆட்டோ ஓட்டுநர்களும் நகரில் இருப்பர். வண்டி நின்றால் அன்றைய கூலி நிற்கும் அவர்களுக்காக, ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் இணைப்பையேனும் முன்பதிவின்றி, வந்த வரிசைப்படி கொடுக்க வேண்டும்.